கச்சான் காற்றில் நேராக ஓடிய வண்டி

யுத்தம் முடிந்த மறு வருஷம் எங்கள் ஊரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். கூடாரத் துணி, தகரப் பீப்பாய், சக்கரம் கழன்ற லாரி என்று மைதானம் முழுக்கக் குவித்துப் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் கிடந்தன. ஒன்றில் இன்ஜின் நன்றாக இருந்தது, முன்பக்கம் நசுங்கியிருந்தது. மற்றதில் முன்பக்கம் முழுசாக இருந்தது, இன்ஜின் வெடித்திருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு வண்டி தேறும் என்று நான் சொன்னேன். தேறினால் ரேஸ் வண்டியாகத் தேற வேண்டும், இல்லாவிட்டால் இங்கேயே கிடக்கட்டும் என்றான் என் சிநேகிதன். சும்மா ஓட்டிக்கொண்டு திரிய ஒரு வண்டி வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை.

நான் அப்போது துறைமுகப் பட்டறை ஒன்றில் ஃபிட்டர். தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் கப்பல் கரைக்கு வராது. ஆழம் போதாமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தோணிகளில் ஏற்றி, நீராவிப் படகு கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் படகுகளின் வால்வும் பம்பும் என் கையில்தான் உயிர் வைத்திருந்தன. அதனால் எனக்குத் தலைக்கனம் உண்டு. எந்த இன்ஜினைக் கண்டாலும் அதற்கு என்ன கோளாறு என்று கேட்காமலே சொல்வேன். சொன்னது சரியாகப் போனால் ஒரு வாரம் அதையே பேசுவேன். தப்பாகப் போனால் கோபம் வரும். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் வீட்டுக்காரி ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவள் சொன்னது பொய்யில்லை.

சிநேகிதன் சங்கு குளிக்கிற குடும்பம். அவன் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. யுத்தத்துக்கு முன்னால் இவனும் முங்கிச் சங்கெடுத்தவன்தான். பட்டாளத்தில் சேர்ந்தபோது மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டுபோகிற வேலைக்குப் போட்டார்கள். பர்மாவில் ஒரு ஆற்றைக் கடக்கும்போது படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர்கள் ஒருவரும் மிஞ்சவில்லை, இவன் மட்டும் கரையேறினான். ஊர் திரும்பிய பிறகு அவனால் தண்ணீருக்குள் தலையை அமுக்க முடியவில்லை. ஒரு நாள் வள்ளத்தில் போனான். பாதி வழியில் உடம்பெல்லாம் நடுங்கி, வாந்தி எடுத்து, தம்பிமார் அவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டில் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை என்று என்னிடம் சொன்னான். கடற்கரையில் பிறந்துவிட்டுக் கடலுக்குப் போகாத ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை? காலையில் எல்லா வள்ளமும் போன பிறகு கரையில் நிற்கிற ஒரே இளந்தாரி அவன்தான். ஆனால் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் அந்த நடுக்கம் இருந்த இடம் தெரியாது. அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஏலத்தில் அந்த இரண்டு சவத்தையும் எடுத்தோம்.

வண்டி என் வீட்டுப் பின்பக்கத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உருவானது. ஆறு மாசம் சண்டைதான். எதை எடுத்தாலும் அவனுக்கு ஒரு அபிப்பிராயம், எனக்கு ஒரு அபிப்பிராயம். எடையைக் குறைக்க வேண்டும் என்பது என் கட்சி. விளக்கைக் கழற்றினேன், மட்கார்டை வெட்டினேன், பிரேக் மிதியில்கூட வரிசையாகத் துளை போட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் கடைசியில் என்னையும் துளை போட்டுவிடுவாய் என்றான். பாரம் அடியில் இருக்க வேண்டும், மூக்கு லேசாகிவிட்டால் துள்ளும் என்பது அவன் கட்சி. பெட்ரோல் டேங்கை எங்கே வைப்பது என்று மூன்று நாள் பேசாமல் இருந்தோம். மூன்றாம் நாள் என் வீட்டுக்காரி இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பனங்கிழங்கு வைத்துக் கொடுத்தாள். ஒரே தட்டில் கை போட்டுத் தின்றுகொண்டு எத்தனை நேரம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது.

நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் எண்ணெய். ரேஸ் இன்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்ற வேண்டும் என்று அவன் பட்டாளத்தில் கேள்விப்பட்டிருந்தான், நானும் பட்டறையில் கேள்விப்பட்டிருந்தேன். ஊற்றினோம். வண்டிச் சத்தம் கேட்டதும் தெருப் பிள்ளைகள் எல்லாம் ஓடிவரும். புகை வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடும். பேதிக்குக் கொடுக்கிற எண்ணெய் அல்லவா.

பெரிய சண்டை ஹேண்டில்பாருக்கு வந்தது. பட்டாளத்து ஹேண்டில்பார் அகலமானது. அதை வெட்டிக் குறுக்கினால் ஓட்டுகிறவன் குனிந்து ஒடுங்கிக்கொள்ளலாம், காற்றுத் தடுக்காது, வேகம் கூடும் என்று நான் சொன்னேன். பிடி நீளமாக இருந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும் என்றான் அவன். ஓட்டப் போகிறவன் அவன். அவன் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். நான் அவன் இல்லாத நேரத்தில் பக்கத்துக்கு இரண்டரை அங்குலம் அறுத்துவிட்டேன். வந்து பார்த்தான். கையை வைத்துப் பார்த்தான். சங்கிலிக்கு எண்ணெய் போட உட்கார்ந்துவிட்டான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆடி பிறந்ததும் ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தோம். பட்டறை விட்ட பிறகு சாயங்காலம், கடலோர ரோட்டில். உப்பளத்து வண்டிகள் அந்த நேரத்தில் அடங்கிவிடும். வடக்கேயிருந்து தெற்கே ஒன்றரை மைல் நேர் ரோடு. பெட்ரோலுக்கு அப்போது ரேஷன் கூப்பன். மாசத்துக்குக் கிடைப்பது ஒரு குடத்தின் அடிக்குக் காணாது. அதனால் ஒரு முறை வைத்திருந்தோம். தெற்கே முழு வேகத்தில் போவான். கடைசியில் வேகத்தைக் குறைக்காமலே இன்ஜினை நிறுத்திவிடுவான். உடனே பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தால் உள்ளே எப்படி எரிகிறது என்று தெரிந்துவிடும். பிறகு இரண்டு பேருமாக வண்டியை வடக்கே தள்ளிக்கொண்டு வருவோம். தள்ளுவதற்குப் பெட்ரோல் வேண்டாம். தள்ளிக்கொண்டே சண்டை போடவும் வசதியாக இருக்கும்.

எங்கள் ஊரில் ஆடியிலும் ஆவணியிலும் கச்சான் காற்று அடிப்பது எல்லோருக்கும் தெரியும். மேற்கேயிருந்து மண்ணை வாரிக்கொண்டு வரும். சாயங்காலம் சாப்பாட்டில் அரைப் பிடி மண் இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பழகிப்போன விஷயம் என்பதால் அப்படி ஒன்று அடிக்கிறது என்பதே நினைவில் இருக்காது. தெற்கே போகிற வண்டிக்கு அது வலது பக்கத்தில் வந்து மோதும். முதல் நாள் வண்டி இடது பக்கமே ஒதுங்குகிறது என்று அவன் சொன்னான். நான் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைக் கழற்றி, அதன் ஒரு பக்கத் தண்டைச் சூடுகாட்டி, கால் அங்குலத்துக்கும் குறைவாக வளைத்தேன். மறுநாள் கொஞ்சம் தேவலை. இன்னும் கொஞ்சம் வளைத்தேன். பத்து நாளில் அவன் முழு வேகத்தில் இரண்டு கையையும் விட்டுவிட்டுப் போனான். வண்டி ரோட்டின் நடுவில் கோடு கிழித்த மாதிரி போனது. நான் ரோட்டோரத்தில் நின்று கத்தினேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது.

அன்றைக்குத் திரும்பத் தள்ளிக்கொண்டு வரும்போதுதான் அவன் கேட்டான்.

"வடக்காமயும் ஒரு தரம் ஓட்டிப் பாத்துருவமாலே? எங்க அப்பா ஒரு காத்துல மட்டும் வள்ளத்த ஓட்டிப் பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்ல மாட்டாவ."

எனக்குச் சுருக்கென்றது. வள்ளம் வேறு, வண்டி வேறு என்றேன். கையை விட்டே நேராக ஓடுகிறது, அதற்கு மேல் என்ன பரீட்சை வேண்டியிருக்கிறது என்றேன். பெட்ரோல் உன் அப்பாவா தருகிறார் என்றுகூடக் கேட்டுவிட்டேன். சரிதான்லே, விடு என்று அவன் சிரித்தான். அவனுக்கும் அது அவ்வளவு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் விட்டிருக்க மாட்டான்.

ஆவணிக் கடைசியில் மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். மோட்டார் சைக்கிள் விற்கிற ஒரு கம்பெனியின் மேனேஜர். ஒரு காலத்தில் தானே ரேஸ் ஓட்டியவர், முழங்காலில் அடிபட்டு விட்டுவிட்டாராம். ஊரில் ஏதோ வேலையாக வந்தவர் எங்கள் வண்டிச் சத்தம் கேட்டுக் கடற்கரைக்கே வந்துவிட்டார். ஒரு ஓட்டம் பார்த்தார். இன்ஜினைக் குனிந்து பார்த்தார். மெட்ராஸுக்கு வெளியே யுத்தத்தில் போட்ட விமானத் தளம் சும்மா கிடக்கிறது, புரட்டாசியில் அங்கே ரேஸ் நடத்தப் போகிறார்கள், வாருங்கள் என்றார். கம்பெனி சார்பில் ரேஸ் வண்டி இறக்கப் போகிறார்களாம். ஓட்ட ஒரு ஆளும், வண்டி பார்க்க ஒரு மெக்கானிக்கும் வேண்டுமாம். அங்கே பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அன்று முதல் என் வீட்டுக்காரிக்கு மெட்ராஸ் பேச்சுத்தான். தூத்துக்குடியில் குடிக்கிற தண்ணீருக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கால் கடுக்க நிற்க வேண்டும். மெட்ராஸில் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்குமாம், திறந்தால் வருமாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு பேச்சுக்குக்கூட என்னிடம் கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் போய்ச் சொல்லிவிட்டாள். என் சிநேகிதன் அப்படி எதுவும் பேசவில்லை. ஒரு நாள் வண்டியைத் துடைத்துக்கொண்டே, இது கிடைக்காவிட்டால் நான் எங்காவது வெளியூர் போய் மூட்டை தூக்க வேண்டியதுதான், இந்தக் கரையில் இன்னொரு வருஷம் நிற்க என்னால் ஆகாது என்றான். அவனுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று அப்போது எனக்குப் புரிந்தது.

வண்டியை ரயிலில் சாமான் ஏற்றுகிற பிரேக் வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது ஒத்திகை ஓட்டமெல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் நேரே ரேஸ்தான். காலையில் மைதானத்துக்குப் போனதும் எனக்கு என்னவோ போல இருந்தது. என்ன என்று தெரியவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்றே இல்லை. அதைக்கூட நான், வேகத்துக்கு நல்லது என்றுதான் நினைத்தேன்.

ரேஸ் தொடங்கக் கொடி அசைத்தார்கள். எல்லா வண்டியும் பாய்ந்தன. எங்கள் இன்ஜின் மற்றவர்களுக்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை, நேர்ப் பாதையில் அவன் இரண்டு பேரைத் தாண்டினான். பிறகு முதல் திருப்பம் வந்தது. அந்த மைதானத்தில் எல்லாத் திருப்பமும் இடது பக்கம். அவன் இடது பக்கம் சாய்ந்தான், வண்டி வலது பக்கம் போனது. கோட்டுக்கு வெளியே புல்லில் ஏறி, எப்படியோ இழுத்துத் திரும்ப உள்ளே கொண்டுவந்தான். அடுத்த திருப்பத்திலும் அப்படியே. எனக்கு அப்போதுதான் விளங்கியது. கச்சானுக்கு எதிராகச் சாய்ந்து நிற்கும்படி என் கையாலேயே அந்த வண்டியை வளைத்து வைத்திருக்கிறேன். காற்று இல்லாத இடத்தில் அது வலது பக்கம்தான் இழுக்கும். எத்தனை சுற்று ஓட்டினாலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்த அவனுக்கு நீளமான பிடிகூட இல்லை, அதையும் நான்தான் அறுத்தேன்.

இருபது சுற்று. விழுந்துவிடு, அடிபடாமல் எங்காவது விழுந்து நின்றுவிடு என்று நான் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் விழவில்லை. நான்காவதாக வந்தான். வண்டியை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். நான் போய்க் கையை ஹேண்டில்பாரிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டேன்.

மேனேஜர் வந்தார். இன்ஜின் அபாரம் என்று எனக்குக் கை கொடுத்தார். பிறகு அவனைப் பார்த்து, கோடு பிடித்து ஓட்டவில்லையே, எல்லாத் திருப்பத்திலும் வெளியே போனீர்களே, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"தோள்பட்ட பிசகிட்டு சார்," என்றான் அவன். "வண்டில ஒண்ணுமில்ல. நாந்தான் சரியா ஓட்டல."

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். ஓட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும், மெக்கானிக் வேலைக்கு நான் அடுத்த மாசம் வந்து சேரலாம் என்றும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன் என்று சொல்லலாம், ஆனால் திறக்கவில்லை. அவர் போய்விட்டார்.

பந்தலுக்கு அந்தப் பக்கம் சாப்பாடு போட்டார்கள். இரண்டு பேரும் இலையில் உட்கார்ந்தோம். சோற்றைப் பிசைய அவனுக்கு விரல் மடங்கவில்லை. உள்ளங்கையால் ஒதுக்கி ஒதுக்கி வாயில் போட்டுக்கொண்டான். பாதிக்கு மேல் கீழே சிந்தியது. வண்டி கோணல் என்று எப்போது தெரிந்தது என்று நான் கேட்டேன். இரண்டாவது சுற்றிலேயே தெரிந்துவிட்டது என்றான்.

"பின்ன ஏம்லே அப்படிச் சொன்ன?"

"ரெண்டு பேருல ஒருத்தனாச்சும் போவட்டும். நீ குடும்பக்காரன். வந்தது பாழாப் போவாண்டாம்." பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் எங்கனயாச்சும் பொழச்சுக்கிடுவேன்."

நான் சாப்பிட்டேன். ரசம் வந்தது, மோர் வந்தது, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன். மெட்ராஸில் எங்கே வீடு பார்க்கலாம் என்றுகூட ஒரு கணம் மனசுக்குள் ஓடியது. இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?

கை கழுவிவிட்டு நேரே மேனேஜரிடம் போனேன். வண்டி கோணல் சார், கோணலாக்கியது நான்தான் என்றேன். சிநேகிதனுக்காகப் பேசுகிறேன் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. நீங்களே ஓட்டிப் பாருங்கள் என்றேன். அவர் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அடிபட்ட காலோடு வண்டியில் ஏறினார். ஓடுதளத்தின் அந்தக் கோடி வரைக்கும்கூடப் போகவில்லை. பாதியிலேயே திரும்பி வந்துவிட்டார். இறங்கி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே என் சிநேகிதனைப் பார்த்தார். இதை வைத்துக்கொண்டா இருபது சுற்று ஓட்டினீர்கள் என்று கேட்டார். அவன் என்னை முறைத்துக்கொண்டு நின்றான்.

எப்படி நடந்தது என்று கேட்டார். கச்சான், கூப்பன், ஒரு வழி ஓட்டிவிட்டு மறு வழி தள்ளிக்கொண்டு வந்தது எல்லாம் சொன்னேன். கேட்கும்போது பாதியில் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கும்படி உங்களுக்குச் சொல்ல ஒருவர்கூட இல்லையா என்றார்.

"இவன் சொன்னான் சார். நான்தான் கேக்கல."

அந்த இடத்திலேயே அவனுக்கு வேலை ஆயிற்று. மறுநாளே வந்து சேரச் சொன்னார். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார். ஓட்டுகிறவன் உயிர் வண்டி பார்க்கிறவன் கையில் இருக்கிறது, ஓட்டுகிறவன் பேச்சைக் கேட்காத ஆளை நான் எப்படி வைத்துக்கொள்வது, நீங்களே சொல்லுங்கள் என்றார். நானே சொல்ல வேண்டுமென்றால், அவர் சொன்னது சரி.

எழும்பூர் ஸ்டேஷன் வரைக்கும் சிநேகிதன் என்னோடு பேசவில்லை. கெடுத்தியேலே என்று மட்டும் ஒரு தரம் சொன்னான். வண்டியை பிரேக் வேனில் ஏற்றிய பிறகு என்னைக் கட்டிக்கொண்டான். விரல்கள் அப்போதும் மடங்கவில்லை, முழங்கைகளாலேதான் இறுக்கினான். இரண்டு பேருக்கும் அழுகை வந்துவிட்டது. ரயில் நகர்ந்ததும் கையை ஆட்டினான். கடற்கரையில் நான் பார்த்த முகம் இல்லை அது.

ஊரில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பித்தளைக் குடம், இட்லிக் கொப்பரை, சருவச்சட்டி எல்லாவற்றையும் என் வீட்டுக்காரி கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கைவேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். ஃபோர்க்கை வளைத்தது, அவன் பேச்சை உதறியது, அவன் பொய் சொன்னது, இரண்டு பேரும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டது, பிறகு நான் போய் உண்மையைச் சொன்னது. மெட்ராஸ் போயிற்று என்று அவள் அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னதற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்றும் உள்ளூர ஒரு ஆசை இருந்தது. இரண்டும் இல்லை. சாக்குக் கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த அண்ணன் வெரலு மடங்காமச் சோத்த அள்ளிக்கிட்டு இருக்கையில, நீங்க மோரு வரைக்கும் தின்னு முடிச்ச பெறவா எந்திரிச்சிய?"

பிறகு சாக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்துக் கழுவி, எனக்குச் சோறு போட்டாள். அதில் கை வைக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று.